நிக்காஹ் நாளில் நின்றுபோன நெட்

போன வாரம் எங்கள் வீட்டில் நெட் போய்விட்டது. நல்ல வெயில், காற்றுகூட இல்லை, ஆனாலும் போய்விட்டது. சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. என் மகள் பதறவில்லை. செல்போனில் கம்பெனியின் செயலியைத் திறந்தாள். 'உங்கள் பகுதியில் கோளாறு கண்டறியப்பட்டுள்ளது, சரிசெய்யும் பணி நடைபெறுகிறது' என்று அது தானாகவே சொன்னது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

நான்தான் பெட்டிக்குக் கிட்டே போய் நின்றேன். கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. மூக்கைக் கொண்டுபோனேன். சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த ஒரு வாசனை.

"என்னம்மா, அத மோந்து பாக்குற?" என்று கட்டிலில் இருந்தபடியே சிரித்தாள் மகள்.

அந்த வாசனைதான் எனக்கு முதல் சம்பளம் கொடுத்தது என்று அவளிடம் சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

தேனியில் பெரியகுளம் ரோட்டில், ஓர் உரக்கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். போன் ஒயர் வழியாகவே நெட் வந்துகொண்டிருந்த காலம். கீழே யூரியா மூட்டை, மேலே நாங்கள் நாலு பெண்கள், தலையில் ஹெட்போன். பின்னறையில் இடி விழுந்து கருகிய அடாப்டர்களும் பழுதான மோடங்களும் குவிந்து கிடக்கும். மழைக்காலத்தில் அந்த அறைக் கதவைத் திறந்தால் நான் சொன்ன வாசனை மூஞ்சியில் அடிக்கும். உரக்கடை வாசனையும் சேர்ந்துகொண்டால் மதியச் சாப்பாடு இறங்காது.

வேலை இதுதான். போடியிலிருந்து கம்பம் வரை எவர் வீட்டில் நெட் போனாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் போனிலேயே கேட்டுக் கேட்டு, என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, அவர்கள் கையாலேயே சரிசெய்ய வைக்க வேண்டும். முடியாவிட்டால்தான் ஆள் அனுப்புவது. வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் நெட்டும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. அப்பாவுக்கு நான் கான்வென்ட்டில் டீச்சராக வேண்டும் என்று ஆசை. எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்பதை, மறைக்கல்வி வகுப்பில் ஜெபங்களை மனப்பாடம் செய்தது போலவே மனப்பாடம் செய்தேன். பொருள் பிறகு மெதுவாக விளங்கியது. ஜெபங்களும் எனக்கு அப்படித்தான்.

எதிர்முனையில் இருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜெயமங்கலத்து வாழைத் தோட்டக்காரர் ஒருவரிடம், "சார், இப்ப உங்களுக்கு முன்னாடி என்ன தெரியுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "தென்னமரம் தெரியுதும்மா" என்றார். ஆண்டிபட்டியில் ஓர் அம்மா, தூசி படக் கூடாதென்று மோடத்தை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி வீட்டுக்காரர் பையில், வீட்டுக்காரர் மதுரையில்.

இப்படி ஒரு அழைப்பு நீண்டால் பாண்டியண்ணன் என் பின்னால் வந்து நிற்பார். எங்களுக்கு அவர்தான் மேற்பார்வை. இளவயதில் போன் கம்பம் ஏறி ஒயர் கட்டியவர், அதில் விழுந்து ஒரு கால் லேசாக இழுக்கும். பேச்சைச் சுருக்கு என்று வாயால் சொல்ல மாட்டார். கையிலிருக்கும் பேனாவின் தலையை டிக், டிக் என்று அமுக்குவார். இன்றைக்கும் வங்கியில் யாராவது அப்படி அமுக்கினால் எனக்குப் பேச்சு தானாகச் சுருங்கிவிடும்.

அப்படி ஓர் ஐப்பசி மழை நாள். லைன் ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மதியம் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது அந்த அழைப்பு வந்தது. நல்ல கனத்த குரல், பெரியவர்.

"ஏம்மா, நெட்டுக் கம்பெனியா? உத்தமபாளையத்துல இருந்து பேசுறோம். நெட்டு வரல. ஒடனே ஒரு ஆள அனுப்புங்க."

"மழையில ஆளுக எல்லாம் வெளிய இருக்காக சார். முதல்ல நாம போன்லயே பாத்துருவோம். மோடத்துல எந்தெந்த லைட்டு எரியுது?"

"எல்லா லைட்டுந்தான் எரியுது! பந்தல்ல போட்ட சீரியல் லைட்டு வரைக்கும் எரியுது! நெட்டுதான் வரல!"

சுற்றிலும் ஒரே இரைச்சல், பாத்திரச் சத்தம், தகரத்தில் மழை. நான் மறுபடி கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பெண்குரல் குறுக்கே வந்தது. "பெரியத்தா, குடுங்க இங்கன."

போன் கை மாறியது.

"அக்கா, என் பேரு நஸ்ரின். பவர்னு போட்டிருக்க லைட்டு நிக்குது. டிஎஸ்எல்னு இருக்குல்ல, அது விட்டு விட்டு எரியுது. அதுக்கடுத்த லைட்டு எரியவே இல்ல."

எனக்கு உயிர் வந்தது. கண்ணால் பார்ப்பதை அப்படியே வாயால் சொல்லத் தெரிந்த ஓர் ஆள் கிடைப்பது எங்கள் தொழிலில் பெரிய விஷயம். டிஎஸ்எல் என்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒயருக்கும் வீட்டு மோடத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் விளக்கு. அது நிலையாக நின்றால்தான் மற்றதெல்லாம்.

"சரிம்மா. மோடத்த அணைச்சுட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்க. வீட்டுல என்ன விசேசம்? ஒரே சத்தமா இருக்கு."

"என் நிக்காஹ்தான்க்கா" என்றாள்.

மோடம் அணைந்து எரிவதற்கு அப்போதெல்லாம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மனிதர்கள் பேசிவிடுவார்கள். அவளும் அவசர அவசரமாகச் சொன்னாள். மாப்பிள்ளை சவூதியில் இருக்கிறார். கம்பெனி கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டது. நாளைக்கே அவரைப் பாலைவனத்துக்குள் ஏதோ வேலைக்கு அனுப்புகிறார்கள், அங்கே போன்கூட எடுக்காது. கம்ப்யூட்டரில் முகம் பார்த்து நிக்காஹ் நடத்தலாம் என்று கேட்டதற்கு ஜமாத் தலைவர் யோசித்து யோசித்துத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார். முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும், இரண்டுக்கும் சாட்சிகள் இருக்க வேண்டும். வெறும் போன் குரல் என்றால் முடியாது. மாப்பிள்ளை அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறார். சீக்கிரம் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

"ஏற்கெனவே ஒரு எடத்துல பேசி நின்னு போச்சுக்கா. இதுவும் நின்னா பெரியத்தா தாங்க மாட்டாக" என்றாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, உயிரோடு இல்லை. அத்தாவின் அண்ணன்தான், நான் முதலில் பேசிய பெரியத்தா, நின்று நடத்துகிறவர். 'நான் தாங்க மாட்டேன்' என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அது கேட்டது.

"டிஎஸ்எல் நின்னுச்சா?"

"இல்லக்கா, மினுக்குது."

"அப்ப சுவத்துல இருந்து வர்ற ஒயரப் பாக்கணும். அது ஒரு சின்னப் பெட்டிக்குள்ள போயி, போனுக்கு ஒண்ணு மோடத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டாப் பிரியும். எங்கன இருக்கு அது?"

"மேசைக்கு அடியில. ஆனா மேசை ஹாலுல இருக்கு. ஹால் பூராம் ஆம்பளையாளுக."

அவள் உள்ளறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துத்தான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். மோடத்தை அணைத்துப் போட்டது யாரோ மாமா. பிறகு அவள் குரல் உயர்ந்தது, என்னிடம் இல்லை. "பெரியத்தா, எல்லாரையும் கொஞ்ச நேரம் பந்தல்ல இருக்கச் சொல்லுங்க. நான் வரணும்."

"கல்யாணப் பொண்ணு மேசைக்கு அடியில போறதா? ஏண்டி, சீலை என்னத்துக்காகும்?" என்று அவளுடைய அம்மாவின் பதற்றம்.

"வேற யாரும்மா போவாக? நீ போறியா?"

நாற்காலிகள் இழுபடும் சத்தம், ஆண்கள் முணுமுணுத்தபடி வெளியே போகும் சத்தம் எல்லாம் என் காதுக்குள் நடந்தது. வளையல்கள் தரையில் மோதின. பட்டுச்சேலையும் நகையுமாக அவள் மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

ஒயரைக் கழற்றித் துடைத்து, அழுத்தி மாட்டச் சொன்னேன். காத்திருந்தோம்.

"நின்னுருச்சுக்கா! பச்சையா நிக்குது!"

நான் மூச்சு விடுவதற்குள், "போச்சு. மறுபடி போச்சு" என்றாள்.

வேறு ஒயரை மாற்றினோம். விளக்கு வந்தது, போனது. மோடத்தை மேசையிலிருந்து தரைக்கு இறக்கினோம். வந்தது, போனது. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் தீர்ந்துகொண்டிருந்தது. பந்தலில் இருந்து ஒரு புதுக்குரல், நிதானமாக, "இன்னும் எம்புட்டு நேரம்? ஓதி வைக்க வந்த அசரத்து அடுத்த ஊருக்குப் போகணுமாம்ல" என்றது. அதுதான் ஜமாத் தலைவர் என்று நஸ்ரின் கிசுகிசுத்தாள். பின்னாலிருந்து பேனா டிக், டிக் என்றது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. விளக்கு போகும்போதெல்லாம், அதற்குச் சற்று முன்னால், தூரத்தில் ஒரு மணிச் சத்தம். முதலில் அதைக் கல்யாண வீட்டு இரைச்சலோடு விட்டுவிட்டேன்.

"நஸ்ரின், ஒரு போன் மணி அடிக்குதே, எங்கன?"

"பந்தல்லக்கா. வீட்டுப் போனத்தான் பெரியத்தா அங்கன வச்சிருக்காக. காலையில எலக்ட்ரீசன விட்டு, சுவத்துல இருந்து தனியா ஒயரு இழுத்தாக."

புரிந்துவிட்டது. அந்த ஒயர் சின்னப் பெட்டிக்குள் போகாமல் நேராக லைனில் கட்டப்பட்டிருக்கிறது. போனையும் நெட்டையும் பிரித்துவிடுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதைத் தாண்டி ஒரு போனைக் கட்டினால், அது அடிக்கிற ஒவ்வொரு முறையும் நெட் அறுந்து விழும்.

"அதுல யாரு கூப்பிட்டுக்கிட்டே இருக்காக?"

"அவுகதான்க்கா. மாப்பிள்ள. நெட்டு வந்துருச்சா, வந்துருச்சான்னு கேட்டு அடிக்கிறாக. பொறுங்கன்னு சொன்னாலும் மனசு கேக்காம திரும்பத் திரும்ப அடிக்கிறாக."

அவருக்குத் தெரிந்தது இரண்டே எண்கள். ஒன்று நஸ்ரினின் செல்போன், அது என்னோடு பேசிக்கொண்டிருந்தது. இன்னொன்று இந்த லேண்ட்லைன். தன் கல்யாணம் நடக்க வேண்டுமே என்ற தவிப்பில் அவர் அழைக்க அழைக்க, இங்கே அது அறுந்துகொண்டே இருந்தது.

"அந்தப் போன ஒடனே கழட்டச் சொல்லுங்க."

பந்தலில் வாக்குவாதம் மூண்டது. எலக்ட்ரீசியன் ஒயர் நுனியில் இருந்த பின்னை வெட்டிவிட்டு முறுக்கிக் கட்டியிருந்ததால் போனைச் சின்னப் பெட்டியில் மாட்டவும் வழியில்லை. பெரியத்தா மறித்தார். "இதையும் புடுங்கிட்டா மாப்பிள என்ன நெனப்பாக? போன எடுக்கலன்னதும் எந்திரிச்சுப் போயிட்டாகன்னா? இப்ப இருக்கது இந்த ஒரு தொடுப்புதான்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பிடுங்கிய பிறகும் நெட் வராமல் போனால் அந்தப் பக்கத்தோடு பேச எதுவுமே இருக்காது. நஸ்ரின் என்னிடம் கேட்டாள். "அக்கா, புடுங்குனா கண்டிப்பா வந்துருமா?"

கண்டிப்பாக என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லக் கூடாதென்பது எங்கள் விதி. "மணி அடிக்கும்போதுதான் போகுதுன்னு நானே கேட்டேன்மா. அது அடிக்கலன்னா லைட்டு நிக்கும்" என்றேன்.

அவள் பந்தலைப் பார்த்துச் சொன்னாள். "அவுக கூப்பிட்டுக்கிட்டே இருந்தா நிக்காஹ் நடக்காது பெரியத்தா."

பந்தல் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு, "புடுங்கிட்டாகக்கா. பெரியத்தாவே புடுங்கிட்டாக."

டிஎஸ்எல் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கனெக்ட் கொடுக்கச் சொன்னேன். அவள் மெதுவாகப் படித்தாள். "இந்தப் பயனர் ஏற்கெனவே இணைப்பில் இருக்கிறார்னு வருதுக்கா. அது யாருக்கா? நாந்தான இங்கன இருக்கேன்?"

அத்தனை முறை பாதியில் அறுந்ததில், மதுரையில் இருக்கும் சர்வர் இவள் இன்னும் உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. தானாகத் தெளிய நேரமாகும். மதுரையில் இருப்பவர் கைவைத்தால் உடனே சரியாகும், ஆனால் அதற்குக் கோரிக்கை பதிந்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

திரும்பிப் பாண்டியண்ணனைப் பார்த்தேன். "அண்ணே, மதுரையில சொல்லி இவுக நம்பர வெளிய தள்ளணும், ஒரு கல்யாணம் நிக்குது."

"எம்புட்டு நேரமா ஒரே போன்கால்ல இருக்க, பாத்தியா? அங்கன எத்தன பேரு லைன்ல நிக்கிறாக!"

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அப்போது அழுகைதான் வந்தது. அவர் நின்றபடியே கேட்டார். என்ன கேட்டாரோ. முகம் மாறியது.

"அந்தப் புள்ள ஓதிக்கிட்டு இருக்கு" என்றார்.

ஹெட்போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, தன் செல்போனை எடுத்து மதுரைக்குப் போட்டார். அங்கே யாரோ பழைய கூட்டாளி. "ஏலே, சோத்த அப்பறம் தின்னு. ஒரு நம்பர் சொல்றேன், அத முதல்ல வெளிய தள்ளு. கோரிக்கையெல்லாம் பெறகு எழுதிக்கிரலாம். தள்ளிட்டியா? தள்ளிட்டியா?" அலுவலகமே அவரைப் பார்த்தது. அவர் எனக்குக் கண்காட்டினார்.

"இப்பக் குடுங்க நஸ்ரின்."

"வந்துருச்சு" என்றாள். உடனே கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பின் ஓசை, காலடிகள், யாரோ "மாப்பிள தெரியுறாரு!" என்று கத்துவது. நஸ்ரின் செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்கு ஓடிவிட்டாள், அழைப்பைத் துண்டிக்காமலே. நானும் துண்டிக்கவில்லை.

அசரத்து ஓதுவது கேட்டது. மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்பது கேட்டது. அதற்கப்புறம் பதில் இல்லை.

"படம் அசையலையே" என்றார் ஜமாத் தலைவர்.

"ஆமா, நின்னு போச்சு."

"அணைச்சுப் போடலாமா?"

அணைத்துப் போட்டால் சர்வர் மறுபடி அவளை உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள்ளும், எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். "தொடாதீக! நஸ்ரின்! யாரும் தொடாதீக!" என்று நான் கத்தினேன். மேசைமேல் கிடக்கும் செல்போனில் என் கத்தல் ஒரு எறும்புச் சத்தமாகக்கூடக் கேட்டிருக்காது. பக்கத்து இருக்கைப் பெண்கள் தங்கள் வாடிக்கையாளர்களை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அப்போது உள்ளறையிலிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது. "யாரும் எதையும் தொட வேணாம். பொறுங்க. வரும்."

கல்யாணப் பெண் பேசக் கூடாத நேரம் அது. ஒருவரும் அவளை அதட்டவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. பிறகு கரகரவென்று ஒரு ஆண்குரல் எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்து விழுந்தது. "கேக்குதா? ஒப்புக்கிட்டேன்னு சொல்லிட்டேனே, கேக்கலையா?"

"கையத் தூக்குங்க மாப்பிள" என்றார் ஜமாத் தலைவர். "ம். அசையுறாரு. இப்பச் சொல்லுங்க."

அவர் சொன்னார். நன்றாகவே கேட்டது. ஒரே ஆரவாரம். யாரோ மேசையைத் துடைக்க வந்து செல்போனை எடுத்து, "யாரு லைன்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அணைத்தார்கள். பாண்டியண்ணன் காலை இழுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய், கருகிய அடாப்டர்களுக்கு நடுவில் நின்று கொஞ்சம் அழுதேன்.

அதற்கப்புறம் நஸ்ரின் அவ்வப்போது கூப்பிடுவாள். "அந்த அக்காகிட்டக் குடுங்க" என்பாள். "லைட்டெல்லாம் நிக்குதுக்கா, சும்மாதான் கூப்பிட்டேன்." அவர் பாலைவனத்திலிருந்து திரும்பிவிட்டார், லீவில் வந்தார், தனக்கு விசா எடுத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். அவள் பேசும்போது பேனாச் சத்தம் கேட்காது. கடைசியாகக் கூப்பிட்டபோது, கனெக்‌ஷனை ரத்து செய்ய வேண்டும் என்றாள். அம்மாவும் உடன் போகிறாராம்.

மோடத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு பெரியவர் மாடிப்படி ஏறி வந்தார். ஒல்லியான உருவம், வெள்ளைத் தொப்பி. நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, இத எங்கன குடுக்கணும்?" என்றதும் நிமிர்ந்துவிட்டேன். அந்தக் கனத்த குரலுக்கு இவ்வளவு சிறிய உடம்பா!

"நஸ்ரின் நல்லாருக்காளா?" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அன்னைக்குப் போன்ல பேசுனது நீயா ஆத்தா?" என்று உட்கார்ந்துகொண்டார். சவூதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், வாரம் தவறாமல் பேசுகிறாள் என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெட்டக் கொண்டாந்தது நீங்கதான். இல்லேங்கல. ஆனா அந்த ஒயரப் புடுங்குறப்ப எனக்குக் கையி எப்படி நடுங்குச்சுன்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

அவருக்குக் காபி வாங்கிவரச் சொன்னேன்.

போன் ஒயருக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்தது. எங்கள் அழைப்புகளை வேறு ஏதோ பெருநகரத்துக்கு மாற்றினார்கள், அப்புறம் அங்கே போன் எடுத்த மனிதர்களையும் எடுத்துவிட்டார்கள். பாண்டியண்ணன் மகனோடு திருப்பூர் போய்விட்டார். உரக்கடை இருக்கிறது. மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

அந்த நாலு ஹெட்போன்களுக்குள் கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகள் எல்லாம் இருந்தன. விளக்கு நிற்பதற்காகக் காத்திருக்கும் நேரத்தில், குக்கர் சத்தமும் தொழுகை அழைப்பும் கோயில் மணியும் பிள்ளைகளின் சண்டையும் என் காதுக்குள் நடந்துகொண்டிருக்கும். தேனியில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே, கம்பத்தில் ஒரு தகரக் கூரைமேல் மழை விழ ஆரம்பித்துவிட்டது எனக்குத் தெரிந்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "துணி காயப் போட்டிருந்தா எடுத்துருடி, மேக்கே பெய்யுது" என்பேன்.

இப்போது மழை எங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.